‘நான் என்ன டாக்டரா, குழுவில் போய் உட்கார?’

52 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 6 வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆனால் நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. ‘ஆமாம்’ என்றால் மனைவியின் கையை ஒருமுறை அழுத்துவார், ‘வேண்டாம்’ என்றால் இரண்டு முறை. வாசகி வேலையை விட்டுவிட்டார். மகள் வெளியூரில் படிக்கிறாள். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, மாத்திரை கொடுப்பது, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாமே அவர் ஒருவர்தான்.

நான்கு மாதத்துக்கு முன் நுரையீரல் தொற்று வந்து கணவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குத் திடீரென்று டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஓர் அளவு, மருந்துச் சீட்டில் இன்னோர் அளவு. வார்டுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை வரை தானே ஒரு கணக்குப் போட்டு அரை மாத்திரை கொடுத்திருக்கிறார். ‘அந்த மூன்று ராத்திரியும் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்’ என்று எழுதுகிறார்.

தீராத தொல்லை இன்னொன்றும் இருக்கிறது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி, வியாழக்கிழமை பேச்சுப் பயிற்சி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நரம்பியல் ஓ.பி., வேறொரு நாள் ரத்தப் பரிசோதனை. எல்லாம் ஒரே கட்டடத்தில்தான். ஆனால் வீடு இருப்பது மாடியில். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஆள் பிடித்து அவரை நாற்காலியோடு இறக்க வேண்டும். ‘ஒரே நாளில் வைக்கக் கூடாதா?’ என்று கேட்டதற்கு, ‘சிஸ்டம் அப்படித்தான்’ என்று பதில் வந்திருக்கிறது.

இதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டார். பதிலுக்கு வந்தது மன்னிப்பு அல்ல, அழைப்பு. மருத்துவமனை, ‘நோயாளி – குடும்ப ஆலோசனைக் குழு’ ஒன்றைத் தொடங்குகிறதாம். இவரும் உறுப்பினராக வர வேண்டுமாம். மாதம் ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம்.

வாசகியின் கேள்விகள்: படித்த டாக்டர்கள் நடுவில் நான் என்ன பேசுவது? வாயைத் திறந்தால் அடுத்த முறை அவரை அங்கே சேர்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ? ‘உன் வாயை அடைக்கத்தான் கூப்பிடுகிறார்கள்’ என்று கொழுந்தனார் சொல்வது உண்மையா? நான் போனால் அந்த மூன்று மணி நேரம் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அன்புச் சகோதரிக்கு,

நான் மருத்துவச் சமூகப் பணியாளர். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இந்த மாதிரிக் குழுக்களில் மேசையின் அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

குழு பற்றிப் பேசுமுன் மாத்திரை. உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஆனால் அடுத்த முறை தயவுசெய்து அரை மாத்திரைக் கணக்கை நீங்களே போடாதீர்கள். வார்ஃபரின் மாதிரியான மருந்தில் அளவு குறைந்தால் ரத்தம் கட்டலாம், கூடினால் உள்ளே ரத்தக் கசிவு வரலாம். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவை வைப்பார்கள். தொற்றுக்குத் தரும் சில ஆன்டிபயாட்டிக்குகள் வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடும். அதனால் யாரோ ஒருவர் அளவை மாற்றியிருப்பார், இன்னொருவர் பழைய சீட்டைப் பார்த்து எழுதியிருப்பார். வார்டில் போனை எடுக்காவிட்டாலும் அவசரப் பிரிவில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். இரண்டு தாளையும் கொடுத்து ஒருவரை அனுப்பினால் போதும். மருந்தகரிடம் காட்டினாலும் அவர் டாக்டரைப் பிடித்துக் கேட்டுச் சொல்வார்.

உங்களுக்கு மட்டும் தெரிந்தது

இப்போது ‘நான் என்ன டாக்டரா’ என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிய டாக்டருக்குத் தன் வேலை முடிந்தது. மருந்துச் சீட்டு எழுதியவருக்கும் முடிந்தது. வார்டு சிஸ்டர் ஷிப்ட் முடிந்து போய்விட்டார். மூவருமே தவறு நடந்ததாக நினைக்கவில்லை, ஏனென்றால் அவரவர் தாள் அவரவர் கையில் சரியாகவே இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான், அதுவும் உங்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில்.

மருத்துவமனை துறை துறையாக ஓடுகிறது. துறைக்குள் நடப்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும்போதும், வார்டிலிருந்து வீட்டுக்கு வரும்போதும் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க அங்கே யாரும் சம்பளத்துக்கு இல்லை. சம்பளம் இல்லாத நீங்கள்தான் பார்க்கிறீர்கள். குழுவில் உங்களிடம் எதிர்பார்ப்பது மருத்துவ அறிவு அல்ல, இதைத்தான்.

உங்களைப் போன்றவர்கள் கொஞ்சநஞ்சம் பேரும் அல்ல. உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: சம்பளமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலையில் உலகம் ஒரு நாளில் செலவிடுவது 1,640 கோடி மணி நேரம். 200 கோடிப் பேர் நாளுக்கு 8 மணி நேரம் கூலியில்லாமல் உழைப்பதற்குச் சமம். அதில் முக்கால் பங்குக்கும் சற்று மேலே, 76.2 சதவீதம், பெண்களுடையது. குழந்தை வளர்ப்பும் சமையலும் சேர்ந்த கணக்குதான் இது. இருந்தாலும் எந்த மருத்துவமனையின் வரவுசெலவிலும் இந்த மணி நேரங்கள் ஏறுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பிறகு பயன்படும்.

கடிதம் எழுதுவதால் என்ன நடந்துவிடும் என்று நீங்களே ஓரிடத்தில் சலித்துக்கொள்கிறீர்கள். இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்று ஒருவர் இருந்தார். தேவாலயப் போதகர். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள 1954-இல் வேலையை விட்டவர். 1963-இல் தன் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டார். அவ்வளவுதான் செய்தார். அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து பதில் குவிந்தது. 1965-இல் அவர்களுக்கென்று ஓர் அமைப்பு பிறந்தது, 1967-இல் ஒரு வரிச் சலுகையும் வந்தது. ‘பராமரிப்பாளர்’ என்று அழைக்க அப்போது ஒரு சொல்கூடப் புழக்கத்தில் இல்லை.

கொழுந்தனார் சொல்வதில் பாதி நிஜம்

வாயை அடைக்கக் கூப்பிடுவது நடக்காததல்ல. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இலேயே இதற்கு ஓர் ஏணி போட்டுக் காட்டினார். எட்டுப் படிகள். அடிப்படியில் மக்களை ஆட்டிவைப்பது. நடுப்படிகளில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. இந்த மூன்றையும் ஒப்புக்குச் செய்வது என்றே அவர் வகைப்படுத்தினார். அதற்கு மேலே ஏறினால்தான் கூட்டாகச் செய்வது, அதிகாரம் கைமாறுவது, மக்களே நடத்துவது எல்லாம்.

உங்களுக்கு வந்த அழைப்பு எந்தப் படி என்று அழைப்பை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு கூட்டம் போனால் தெரிந்துவிடும். நீங்கள் சொன்னது குறிப்பில் ஏறுகிறதா, அதற்கு எதிரே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுதுகிறார்களா, அடுத்த கூட்டத்தில் ‘போன முறை சொன்னது என்ன ஆயிற்று’ என்பதில்தான் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இல்லை, குழு போட்டோ மட்டும் வரவேற்பறையில் மாட்டப்படுகிறது என்றால் கொழுந்தனார் ஜெயித்துவிட்டார், கௌரவமாக விலகிவிடலாம்.

மீதிப் பாதி நிஜமில்லை. பிரிட்டனில் ஜான் ஜெரார்ட் என்ற மறதி நோயாளி 2014-இல் காலில் இருந்த புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடும்பத்தாரைப் பார்வையாளர் நேரம் என்று சொல்லி ஓரமாக நிறுத்திவைத்தார்கள். ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது அவரால் நடக்கவும் முடியவில்லை, ஒழுங்காகப் பேசவும் முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் காலமானார். மகள் நிக்கி ஜெரார்ட், தோழி ஜூலியா ஜோன்ஸோடு சேர்ந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மறதி நோயாளியோடு, பார்த்துக்கொள்பவர் எந்நேரமும் இருக்க விடுங்கள். அங்கே ஏராளமான மருத்துவமனைகள் அதை ஏற்றுக்கொண்டன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-இல் மூன்று வயதுகூட நிறையாத ரயன் என்ற குழந்தை இறந்தது. ‘பிள்ளைக்கு மோசமாகிறது’ என்று பெற்றோர் சொன்னதை யாரும் உரிய நேரத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2013-இல் அந்த மாநிலத்தில் குழந்தையின் பெயரிலேயே ஒரு விதி வந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால் முதலில் நர்ஸ் அல்லது டாக்டரிடம், அடுத்து பொறுப்பு நர்ஸிடம் சொல்லலாம். அப்போதும் மனம் ஆறவில்லை என்றால், நேரே ஓர் எண்ணை அழைத்து வேறு மருத்துவரின் பரிசோதனையைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டிலும் ஒற்றுமை ஒன்று உண்டு. கோரிக்கை ஒரே வாக்கியம். ‘எங்களை மரியாதையாக நடத்துங்கள்’ என்று கேட்டிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், ஒன்றும் மாறியிருக்காது.

புகாரை அங்கே கொண்டுபோகாதீர்கள்

உங்கள் கடிதத்தில் நான் மெல்லத் திருத்த நினைப்பது இது. புகாரையும் ஆலோசனையையும் நீங்கள் ஒன்றாகவே பார்க்கிறீர்கள். மாத்திரை விஷயம் உங்கள் குடும்பத்துக்கு நடந்த தவறு. அதற்கு எழுத்தில் பதில் பெற உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. அழைப்பு வந்துவிட்டது என்பதற்காக அந்தப் புகாரைக் கைவிடாதீர்கள். ‘என் புகாருக்கான பதில் தனியாக வேண்டும், குழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். குழுவில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்று ஒரு தாள் நீட்டுவார்கள். மற்ற நோயாளிகளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்றால் நியாயம், கையெழுத்துப் போடலாம். உங்கள் சொந்த அனுபவத்தைப் பற்றியும் பேசக் கூடாது, புகார் தரக் கூடாது என்று இருந்தால் போடாதீர்கள்.

குழுவுக்குக் கொண்டுபோக வேண்டியது, அதே சம்பவத்திலிருந்து ஆளை நீக்கிவிட்டு மிஞ்சுவதை. ‘அந்த சிஸ்டர் போனை எடுக்கவில்லை’ என்றால் ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள், அவர் அழுவார், அதோடு முடிந்தது. ‘வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் திங்கள் காலை வரை சந்தேகம் கேட்க எந்த எண்ணும் இல்லை’ என்றால் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் தப்பிக்கவும் வழியில்லை. கூடவே கேட்க வேண்டியதையும் நீங்களே வைத்துவிடுங்கள்: மருந்துகளுக்கு ஒரே தாள், அதில் புதிதாகச் சேர்த்தது, நிறுத்தியது, அளவு மாற்றியது என்று மூன்று பத்தி. வீட்டுக்குக் கிளம்புமுன் பார்த்துக்கொள்பவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லித் தந்தவர் சரிபார்க்க வேண்டும். முதல் மூன்று நாளுக்கு, எடுக்க ஆளுள்ள ஒரு போன் எண்.

திருப்பிச் சொல்லச் சொல்வது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, மருத்துவ உலகம் நன்கு அறிந்த முறைதான். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் புரியாமலே.

அலைச்சல் விஷயத்தில் உங்களிடம் இன்னும் வலுவான சரக்கு இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிசியோவுக்கு நான்கு, பேச்சுப் பயிற்சிக்கு நான்கு, ஓ.பி.க்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று. மாதத்துக்கு 10 தடவை மாடி இறங்குகிறீர்கள். ஒரு தடவைக்கு 4 மணி நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆக 40 மணி நேரம். பிசியோவையும் பேச்சுப் பயிற்சியையும் ஒரே நாளில் வைத்து, மாதத்தில் ஒருமுறை அதே நாளில் ஓ.பி.யையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துவிட்டால் 4 தடவை போதும். அன்று 5 அல்லது 6 மணி நேரம் ஆனாலும் 24-க்குள் முடிந்துவிடும். மருத்துவமனையின் கணக்கில் ஏறாத மணி நேரம் என்று மேலே சொன்னேனே, அதை இப்படித்தான் ஏற்ற வேண்டும். ஒன்று மட்டும் யோசித்துவையுங்கள்: இரண்டு பயிற்சியையும் ஒரே நாளில் உங்கள் கணவரால் தாங்க முடியுமா? அதை பிசியோதெரபிஸ்ட்டிடம் முதலிலேயே கேட்டுவிட்டால், கூட்டத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லி ஒத்திப்போட மாட்டார்கள்.

இதில் ஒரு நெளிவுசுளிவு. இந்தக் கோரிக்கையை நரம்பியல் டாக்டரிடம் வைத்துப் பயனில்லை. அவர் மனதார ‘செய்யலாமே’ என்பார், ஆனால் தேதி போடுவது அவரில்லை. அப்பாயின்ட்மென்ட் கவுண்டரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்தான் போடுகிறார். அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. ‘அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். ஐந்து குடும்பத்துக்கு மட்டும் இரண்டு மாதம் செய்து பார்ப்போம்’ என்று கேளுங்கள். எல்லோருக்கும் மாற்றச் சொன்னால் பயப்படுவார்கள். ஐந்து பேருக்கு என்றால் மறுக்க வெட்கப்படுவார்கள்.

புதன்கிழமை 11 மணி

இந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் நானே இப்படி ஒரு கூட்டம் போட்டேன். காலை 11 மணி. எட்டுக் குடும்பங்களை அழைத்தோம், இரண்டு பேர் வந்தார்கள். ‘குடும்பத்தினர் போதிய ஆர்வம் காட்டவில்லை’ என்று குறிப்பு எழுதினோம். எழுதினோம் என்ன, எழுதியது நான்தான். ஒரு மாதம் கழித்து, வராத அம்மா ஒருவர் நடைபாதையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: ‘11 மணி அவரைக் குளிப்பாட்டுகிற நேரம், சார். அதை விட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை.’ அந்தக் குறிப்பு இன்னும் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும்.

ஆகவே, ‘நான் போனால் அவரை யார் பார்த்துக்கொள்வது’ என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை அல்ல. அழைத்தவர்கள் தீர்க்க வேண்டியது. ஒப்புக்கொள்ளுமுன் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

– நேரத்தை மாற்ற முடியுமா? முடியாவிட்டால் வீட்டிலிருந்தே வீடியோவிலோ போனிலோ கலந்துகொள்ளலாமா?

– அந்த மூன்று மணி நேரத்துக்குக் கணவரைப் பார்த்துக்கொள்ளப் பழகிய ஆளை அனுப்புவீர்களா, அல்லது அதற்கான செலவைத் தருவீர்களா? போக்குவரத்துச் செலவு?

– கூட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் சம்பள நேரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு மதிப்பூதியம் உண்டா?

– குடும்பத் தரப்பில் நான் மட்டுமா, வேறு யாரும் உண்டா?

பணம் கேட்கக் கூசாதீர்கள். ஆனால் பராமரிப்பு உதவித்தொகை ஏதாவது வாங்குபவராக இருந்தால், மதிப்பூதியம் வாங்குவது அதைப் பாதிக்குமா என்று முதலில் உதவித்தொகை தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இடத்துக்கு இடம் மாறும்.

கடைசிக் கேள்வி மற்றவற்றைவிட முக்கியம். பத்து வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு மனைவி என்றால், நீங்கள் சொல்வது எப்போதும் ‘ஒருவரின் அனுபவம்’ ஆகிவிடும். குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும். அதோடு, கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் எப்போதுமே கொஞ்சம் வசதிப்பட்டவர்கள்தான். நீங்கள் பட்ட பாட்டைவிட அதிகம் படுபவர் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாமல் இருப்பார். பிசியோ அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். நான்கு பேரிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்கினாலும் போதும், பெயர் சொல்லாமல் அதைக் கூட்டத்தில் வைக்கலாம். நீங்கள் எல்லோருக்கும் பிரதிநிதி என்ற பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ‘நானும் இன்னும் நால்வரும் சொல்வது’ என்று ஆரம்பித்தால் சரி.

பழிவாங்குவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். ‘மாட்டவே மாட்டார்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு டாக்டரின் முகம் இறுகலாம், வார்டில் யாராவது ‘இவங்கதான் கமிட்டி மெம்பர்’ என்று குத்தலாகப் பேசலாம். ஆள் பெயர் சொல்லாமல் பேசுவது இதற்கும் பாதுகாப்பு. நன்றாகச் செய்தவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெயரைச் சொல்லுங்கள். முகஸ்துதி இல்லை இது, எந்த வேலை நல்லபடி நடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

அதையும் மீறிக் கவனிப்பில் வித்தியாசம் தெரிந்தால் தேதி, நேரம், நடந்தது மூன்றையும் அன்றைக்கே குறித்துவைத்து, குழுத் தலைவருக்கும் புகார்ப் பிரிவுக்கும் எழுத்தில் கொடுங்கள். கோபமாக எழுதிவிட்டு ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்புங்கள். உங்கள் நான்கு பக்கப் புகாரே, நீங்கள் அப்படிச் செய்பவர் என்று காட்டுகிறது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அவர் சொல்வது வேறாக இருக்கலாம்

‘நான் அவருக்காகப் பேசப் போகிறேன்’ என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் நீங்கள் பேசப்போவது உங்களுக்காக. பார்த்துக்கொள்பவரின் தேவையும், பார்த்துக்கொள்ளப்படுபவரின் தேவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உங்களுக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்தால் நிம்மதி. அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வெளியே வந்து நாலு முகத்தைப் பார்ப்பதுதான் ஒரே விடுதலை என்றும் இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா? 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் குடும்பத்தை மட்டும் கேட்டால் போதும் என்று சொல்லவில்லை. பேச்சு இல்லாதவருக்கும் பதில் உண்டு, உங்களுக்குத்தான் அவருடைய மொழி தெரியுமே.

அவருடைய நோய் விவரம், உடல் சம்பந்தமான சங்கடங்கள் எதையும் அவரைக் கேட்காமல் கூட்டத்தில் சொல்லாதீர்கள். சுத்தம் செய்வது, டயப்பர் மாற்றுவது பற்றியெல்லாம் நீங்கள் எனக்கு எழுதியது எனக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களைப் பற்றிச் சொல்ல மட்டும் யாரிடமும் அனுமதி வேண்டாம். முதுகு வலி, தூக்கமின்மை, வேலை போனது எல்லாம் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரே வரியில் வந்துபோகிறது. பார்த்துக்கொள்பவரின் பாரத்தை அளக்க ஸாரிட் என்பவர் 1980-இல் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. இன்று அதிகம் புழங்கும் வடிவத்தில் 22 கேள்விகள், பத்து நிமிட வேலை. ஓ.பி.யில் நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் வருடத்துக்கு ஒருமுறை இதைக் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை ஃபைலில் போட்டு மூடுவதானால் வேண்டாம். அதிகம் வந்தால் என்ன உதவி கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

பகல் நேரப் பராமரிப்பு மையம் 3 மணிக்கே மூடிவிடுவதால் மீண்டும் வேலைக்குப் போக முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவமனைக் குழுவில் கிளப்ப வேண்டாம். அவர்கள் கையில் அது இல்லை, நேரம்தான் போகும். அந்த மையத்தை நடத்துபவர்களிடமும், அதற்குப் பணம் ஒதுக்கும் உள்ளாட்சியிடமும் எழுப்ப வேண்டிய விஷயம். அங்கே வரும் குடும்பங்களில் எத்தனை பேர் 6 மணி வரை இருந்தால் வேலைக்குப் போவார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். 1978-இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா சுகாதாரப் பிரகடனமே, தங்கள் சுகாதார சேவையைத் திட்டமிடுவதில் தனியாகவும் கூட்டாகவும் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் என்கிறது. ஆனால் உள்ளாட்சி அலுவலகத்தில் பிரகடனத்தைவிடப் பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

போகாவிட்டாலும் தப்பில்லை

ஆறு வருடம் இரவில் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்காதவரை மாதம் ஒரு கூட்டத்துக்கு வா என்பது உதவியா, இன்னொரு சுமையா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. உடம்பு முடியவில்லை என்றால் ‘இப்போது முடியாது’ என்று சொல்லிவிடுங்கள். இடைவழியும் உண்டு: உறுப்பினராகாமல், வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் பற்றி மட்டும் ஒரே ஒரு கூட்டத்துக்கு வருகிறேன் எனலாம். புதிய நர்ஸ்களுக்குப் பயிற்சி நடக்கும்போது அரை மணி நேரம் உங்கள் அனுபவத்தைச் சொல்லலாம். அல்லது அவர்கள் அச்சடிக்கப்போகும் டிஸ்சார்ஜ் தாளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, புரியாத இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பலாம். என்னைக் கேட்டால் அந்தச் சிவப்புக் கோடுகள் பல கூட்டங்களைவிடப் பயனுள்ளவை.

போவது என்று முடிவு செய்தால், ஆறு மாதம் மட்டும் என்று காலம் குறித்துச் சேருங்கள். முதல் கூட்டத்துக்கு அந்த இரண்டு தாள்களின் நகலையும் எடுத்துப் போங்கள். பெயரையும் நோய் விவரத்தையும் மறைத்துவிட்டு, மாத்திரை அளவு இருக்கும் வரி மட்டும் தெரியும்படி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பேச்சு வராமல் தடுமாறினாலும் அவர்களே குனிந்து பார்ப்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்று ராத்திரி புரட்டிப் படுக்கவைக்கும்போது, அந்தத் தாள்களைக் காட்டலாமா என்று அவரிடம் கேளுங்கள். கை இரண்டு முறை அழுத்தினால் தாள் வீட்டிலேயே இருக்கட்டும், வாய்மொழியாக மட்டும் சொல்லுங்கள். நேரத்தை மாற்றித் தந்தார்களா என்பதையும், அவர் என்ன சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.